செம்பட்டிப் பேச்சுக்குக் காதுகொடுத்த கணினி

(திண்டுக்கல்லில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கால் சென்டர்களில் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருளைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். ‘இதெல்லாம் சென்னை, பெங்களூர் சமாச்சாரம்; நம்ம ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று வாசலில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டே மற்றதற்குப் போகிறேன்.

தமிழில் பேசினால் புரிந்துகொள்ளும் கணினியை, எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிகளின் முன்னால் கொண்டுவந்து வைத்துப் பார்த்த ஆரம்பகாலச் சோதனைகளில் ஒன்று செம்பட்டியில் நடந்தது. ஆமாம், வத்தலக்குண்டு பஸ் ஏறினால் வழியில் வருகிற நம் செம்பட்டிதான். இருபது ஆண்டுக்கு முந்திய கதை. அங்கே எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு மையம் வைத்திருந்தது. கிராமத்துக்கு வேண்டிய தகவலைக் கணினி வழியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. அந்த மையத்தோடு சேர்ந்துகொண்டு, கலிபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து மேடலின் பிளௌஷே, அவரோடு உதயகுமார் நல்லசாமி முதலான ஆராய்ச்சியாளர்கள் ‘தமிழ் மார்க்கெட்’ என்ற ஒன்றை உருவாக்கினார்கள். வானிலை, சந்தை விலை, பயிர்ச் செய்தி ஆகியவற்றைத் தமிழில் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஏற்பாடு அது. திரையில் படங்கள் இருக்கும். தொட்டும் கேட்கலாம், பேசியும் கேட்கலாம். பதில் தமிழ்க் குரலில் வரும். 2006இல் பெர்க்லியில் நடந்த மாநாட்டில் இது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. பிறகு வாழைச் சாகுபடிக்கென்றே இதேபோல் ஒன்றைச் செய்து பார்த்தார்கள்.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது அவர்கள் எடுத்துக்கொண்ட வழியை. பேச்சைப் புரிந்துகொள்ளும் கணினியைச் செய்ய அன்றைக்கு இருந்த முறை இதுதான்: ஆயிரக்கணக்கானவர்களைக் கூப்பிட்டுப் பேசவைத்துப் பதிவு செய்ய வேண்டும், அதை ஆள் வைத்து எழுத வேண்டும், பிறகு பெரிய கணினிகளில் பயிற்சி கொடுக்க வேண்டும். செலவு எக்கச்சக்கம். ஒரு கிராமத்துக்காக அத்தனை செலவை யாரும் செய்ய மாட்டார்கள். ஆகவே அவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். ஒரு சமயத்தில் கணினி எதிர்பார்க்க வேண்டியது சில சொற்களை மட்டுமே என்று உரையாடலைச் சுருக்கினார்கள். அந்த ஊர்க்காரர்கள் பயன்படுத்தப் பயன்படுத்த, அவர்களுடைய குரலே பதிவாகி, அந்த ஊருக்கான மாதிரியாகச் சேர்ந்துகொண்டே போகும். ஊர் பேச, கணினி அந்த ஊர்ப் பேச்சைப் படிக்கும்.

பதிவு செய்யப் போன இடத்தில் அவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்தது. படித்தவர்களிடம் அட்டையை நீட்டினால் வாசித்துவிடுகிறார்கள், வேலை சீக்கிரம் முடிகிறது. எழுத்தறியாதவரிடம் அதே சொற்களை வாங்கப் பல மடங்கு நேரம் ஆகிறது. யாருக்கு இந்தக் கருவி மிகவும் தேவையோ அவருடைய குரலைச் சேகரிப்பதுதான் மிகவும் கடினம், செலவு கூடியது. இந்த ஒரு முடிச்சு அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. நான் இன்று சொல்லப்போவதெல்லாம் இதைச் சுற்றியதுதான்.

இனி, நீங்கள் கேட்க நினைத்த கம்பெனிக் கதைக்கு வருகிறேன்.

உமேஷ் சச்தேவ், ரவி சரோகி இருவரும் நொய்டாவில் ஜேபி தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் சேர்ந்து படித்தவர்கள். 2008இல் சென்னைக்கு வந்து ‘யூனிஃபோர்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஏன் சென்னை? அங்கே ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முன்னின்று நடத்திய ஆர்டிபிஐ என்ற தொழில் வளர்ப்பு மையம் இருந்தது. கிராமத்துக்குப் பயன்படுகிற தொழில்களை வளர்த்தெடுப்பது அதன் நோக்கம். கிராமத்துப் பிள்ளைகளுக்கு அவரவர் ஊரிலேயே கணினி வேலை தர முயன்ற தேசிக்ரூ நிறுவனமும் அதே மையத்தில் வளர்ந்ததுதான்.

யூனிஃபோரின் தொடக்க யோசனையும் கிராமம் சார்ந்தது. கைபேசி எல்லார் கையிலும் வந்துவிட்டது. ஆனால் அதன் திரை ஆங்கிலத்தில் இருக்கிறது. விவசாயிக்கு விலை நிலவரம் வேண்டும், வங்கிச் செய்தி வேண்டும். தட்டச்சு செய்ய அவரால் முடியாது, பேச முடியும். அப்படியானால் பேச்சு வழியாகவே சேவை கொடுத்துவிடலாமே என்பது யோசனை. செம்பட்டியில் எழுந்த அதே கேள்விதான் இது. இவர்கள் அதைக் கேட்டது ஒரு கம்பெனியாக.

பின்னால் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வங்கிகள், தொலைபேசி நிறுவனங்கள், காப்பீட்டு நிறுவனங்கள், அவர்களுக்காக அழைப்பெடுக்கும் கால் சென்டர்கள் இவையே வாடிக்கையாளர்களாயின. அழைப்புகளைக் கேட்டு ஆராய ‘ஆமினா’, வாடிக்கையாளரோடு தானே பேச ‘அகீரா’, குரலை வைத்து ஆளை அடையாளம் காண ‘ஆம்வாய்ஸ்’ என்று பொருள்கள் வந்தன. இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன் முதலீடு செய்தார். சிஸ்கோவை நடத்திய ஜான் சேம்பர்ஸ் 2017இல் பங்கு வாங்கினார். 2016இல் ‘டைம்’ இதழ் உலகை மாற்றும் இளைஞர்கள் பட்டியலில் சச்தேவைச் சேர்த்தது. தலைமையகம் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவுக்குப் போனது. 2022 பிப்ரவரியில் 40 கோடி டாலர் முதலீடு வந்தபோது நிறுவனத்தின் மதிப்பு 250 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது.

தமிழ்நாட்டில் வேர்விட்ட ஒரு நிறுவனம் இத்தனை உயரம் போனதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஐஐடியின் ஒரு சின்ன அறையில் இருந்த யோசனை உலகின் பெரிய கால் சென்டர்களுக்குள் நுழைந்திருக்கிறது. ஆனால் கதையின் நடுவில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது, அதைக் கவனியுங்கள். தொடங்கும்போது மனக்கண் முன் இருந்தவர் கிராமத்து விவசாயி. வளர்ந்தபோது காசு கொடுத்தவர் வங்கி. கம்பெனி என்றால் சம்பளம் கொடுக்க வேண்டும், யாராவது விலை கொடுத்து வாங்க வேண்டும். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் விளைவு என்ன? இயந்திரத்தின் காது யாருடைய பேச்சில் தேய்ந்து பழகியது? கிரெடிட் கார்டு வைத்திருப்பவர், காப்பீட்டுத் தவணை கட்டுபவர், டேட்டா பேக் பற்றிப் புகார் சொல்பவர், இவர்கள் பேச்சில். நிலக்கோட்டையில் விடிவதற்கு முன்னால் பூப்பறிக்கிற அம்மாவின் பேச்சு அந்தப் பதிவுகளில் எத்தனை நிமிடம் இருக்கும்?

இந்த மென்பொருள் கால் சென்டருக்குள் செய்வது என்ன என்று கொஞ்சம் பார்ப்போம். இங்கே மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களில் சிலராவது சென்னையிலோ கோவையிலோ ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்காரப்போகிறீர்கள்.

முன்னெல்லாம் ஏஜென்ட் பேசிய அழைப்புகளில் கைவிட்டு ஒன்றிரண்டை எடுத்து, தரம் பார்ப்பவர் கேட்டு மதிப்பெண் போடுவார். மிச்சமெல்லாம் பதிவாகிக் கிடக்கும், யாரும் கேட்க மாட்டார்கள். இப்போது இயந்திரம் அத்தனை அழைப்பையும் கேட்கிறது. வணக்கம் சொன்னாரா, வாடிக்கையாளரின் பெயரைச் சரிபார்த்தாரா, சொல்ல வேண்டிய நிபந்தனையைச் சொன்னாரா, எத்தனை நேரம் காத்திருக்க வைத்தார் என்று எல்லாம் எழுத்தாகி, எண்ணாகி டீம் லீடரின் திரைக்குப் போகிறது. அழைப்பு முடிந்ததும் ஏஜென்ட் உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டிய குறிப்பை இயந்திரமே எழுதித் தருகிறது. இது பெரிய நிம்மதி. அந்தக் குறிப்பு எழுதவே நேரம் போதாமல் அடுத்த அழைப்பு வந்து விழுகிற அவதி, அந்த வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் ‘டெட் ஏர்’ என்று ஒரு கணக்கு இருக்கிறது. அழைப்பின் நடுவே இருவரும் பேசாமல் இருக்கும் நேரம். அதை இயந்திரம் விநாடி சுத்தமாக அளக்கும். கூடினால் ஏஜென்டின் மதிப்பெண் குறையலாம். இப்போது நினைத்துப் பாருங்கள். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு தாத்தா அழைக்கிறார். ஏஜென்ட் கணக்கு எண் கேட்கிறாள். ‘இரு தாயி, பாஸ்புக்க எடுத்துட்டு வாரேன்’ என்று போனைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போகிறார். டிரங்குப் பெட்டியைத் திறக்கிற சத்தம், ஆடு கத்துகிற சத்தம், பேரனைக் கண்ணாடி எடுத்து வரச் சொல்லும் குரல். அந்தப் பெண் பொறுமையாகக் காத்திருக்கிறாள். அவள் செய்தது நல்ல சேவை. மதிப்பெண் கணக்கில் அது குறை. இந்த மென்பொருளை வாங்குகிற நிறுவனங்கள் இந்த அமைதிக்கு விலக்குக் கொடுக்க வேண்டும். அதை மனிதர்கள்தான் தீர்மானித்து எழுத வேண்டும், இயந்திரம் தானாகச் செய்யாது.

குரலின் உணர்ச்சியை அளப்பதும் இப்படித்தான். யூனிஃபோரே 2021இல் உணர்ச்சிகளை ஆராயும் ஒரு ஸ்பானிய நிறுவனத்தை வாங்கியது. குரல் உயர்ந்தால் கோபம், வேகம் கூடினால் பதற்றம் என்று கணக்குப் போடுவதில் எனக்கு அச்சம் இருக்கிறது. ஒட்டன்சத்திரம் மண்டியில் ஏலம் கூறுகிறவர் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்த செய்தியையும் அந்தக் குரலில்தான் சொல்வார். நம் பக்கத்தில் சத்தம் என்பது பிரியத்தின் அளவாகவும் இருக்கிறது. அதைக் கோபம் என்று குறித்துக்கொண்ட கணினி, அடுத்த முறை அவர் அழைக்கும்போது அவரைத் தொல்லை வாடிக்கையாளர் வரிசையில் வைக்கக்கூடும்.

நான் சில காலம் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கும் வேலையில் இருந்தவன். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். அந்த அனுபவத்தில் தமிழுக்கே உரிய சில சிக்கல்களைச் சொல்கிறேன். சிலருக்கு இது நுணுக்கமாகப் படும். ஆனால் விஷயமே இங்கேதான் இருக்கிறது.

முதலில் தொலைபேசியின் குறை. சாதாரணத் தொலைபேசி இணைப்பு நம் குரலை முழுதாகக் கொண்டுபோவதில்லை. சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியை எடுத்துக்கொண்டு மற்றதைச் சல்லடை மாதிரி தள்ளிவிடுகிறது. விநாடிக்கு 8,000 முறை அளந்து எண்களாக மாற்றுகிறது. ச, ஸ, ஃப போன்ற காற்றொலிகளின் பெரும்பகுதி அந்த எல்லைக்கு மேலே இருப்பதால் போய்விடுகிறது. நேரில் கேட்டால் தெளிவாக இருப்பது போனில் மங்குவது இதனால்தான். மிஞ்சியதை மென்பொருள் நூறில் ஒரு பங்கு விநாடிக்கு ஒன்றாகத் துண்டுபோட்டு, ஒவ்வொரு துண்டும் எந்த ஒலியாக இருக்கக்கூடும் என்று மதிப்பிடுகிறது. பிறகு முன்பு படித்த சொற்றொடர்களை வைத்து, எந்தச் சொல் வரிசை நடக்கக்கூடியது என்று தேர்ந்தெடுக்கிறது. ஆக, அது பாதி கேட்கிறது, பாதி ஊகிக்கிறது. இதற்கு முன் கேட்டறியாத பேச்சு வந்தால் ஊகம் தப்புகிறது.

இனி வாக்கியத்தின் வால். தமிழில் ஒரு வாக்கியம் உண்டு என்கிறதா இல்லை என்கிறதா என்பது பெரும்பாலும் கடைசி அசையில்தான் தெரியும். வங்கிக்கு அழைக்கிற ஒருவர் ‘பணம் வரல’ என்கிறார். ‘பணம் வரலாம்’ என்பதிலிருந்து அதைப் பிரிப்பது கடைசியில் வரும் ஓர் ஒலி. அந்த இடத்தில் குரல் இறங்கும், மூச்சு முடியும், பக்கத்தில் பஸ் ஹாரன் அடிக்கும். இன்னொன்று, ‘வந்துச்சுல்ல’ என்பார்கள். அதற்குள் ‘இல்ல’ ஒளிந்திருக்கிறது, ஆனால் பொருள் வந்துவிட்டது என்பதுதான். ‘வந்துச்சா இல்லயா’ என்பது கேள்வி, ‘வந்தா வரட்டும் இல்லாட்டி போகட்டும்’ என்பது சலிப்பு. இவற்றை எழுத்துத் தமிழில் பயின்ற இயந்திரம் கேட்டால் தடுமாறும். நூறு சொற்களுக்கு எத்தனை தவறு என்று கம்பெனிகள் தரத்தைக் காட்டும். அந்தக் கணக்கில் ‘அப்புறம்’ என்ற சொல் விட்டுப்போனதும், ‘வரல’ என்பது ‘வரலாம்’ ஆனதும் ஒரே மாதிரி ஒரு தவறுதான். முதலாவதால் யாருக்கும் நட்டமில்லை. இரண்டாவதால் ஒருவருடைய புகார் புகாராகவே பதிவாகாமல் போகிறது.

ஊர்ப்பெயர்கள் தனிக் கதை. ஆவணத்தில் அம்மையநாயக்கனூர் என்று இருக்கும், பேசுகிறவர் கொடைரோடு என்பார். நிலக்கோட்டை ‘நெலக்கோட்ட’ ஆகும். ஒட்டன்சத்திரத்தை முழுதாகச் சொல்கிறவரை நான் அதிகம் பார்த்ததில்லை. எண்கள் இன்னும் மோசம். ஒன்பது, ஒம்பது, ஒம்போது, ஐந்து, அஞ்சு, நடுவில் நயன், டபுள் செவன் என்று ஆங்கிலமும் வரும். கைபேசி எண்ணைச் சொல்லும்போது ஒரே மூச்சில் இரண்டு மொழியிலும் எண்ணாத தமிழர் இன்றைக்கு யார்? வாழையையே எடுத்துக்கொள்ளுங்கள். விருப்பாட்சி, சிறுமலை, ரஸ்தாளி, பூவன், மொந்தன், கற்பூரவள்ளி, செவ்வாழை என்று ஒரே சந்தைக்குள் எத்தனை பெயர்! விருப்பாட்சிக்கும் சிறுமலைக்கும் புவிசார் குறியீடே இருக்கிறது. நாம் வாழைப்பழம் என்று பொதுவாகச் சொல்வதேயில்லை. இந்தப் பெயர்களை அறியாத இயந்திரம் சிறுமலையை மலை என்று எழுதும், பழம் காணாமல் போகும்.

நம் சமவெளியில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், கன்னடம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியே வந்தால் எல்லாருக்கும் தமிழ்தான். ஆனால் அவரவர் தமிழில் அவரவர் வீட்டின் ராகம் கொஞ்சம் இருக்கும். திண்டுக்கல் தமிழ் என்று ஒரே ஒன்றைப் பதிவு செய்துவிட்டு வேலை முடிந்தது என்று நாம் எழுந்து போக முடியாது.

இதையெல்லாம் சரிசெய்ய முடியாதா? முடியும். எப்படி என்பதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரிகள் இருக்கின்றன. செம்பட்டிச் சோதனைக்குச் சில ஆண்டுகள் கழித்து, மத்திய அரசின் நிதியில் சென்னை ஐஐடி தலைமையேற்க, தமிழ் உட்பட ஆறு இந்திய மொழிகளில் விளைபொருள் விலையைப் போனில் பேசிக் கேட்கும் திட்டம் ஒன்று நடந்தது. பொருளின் பெயரையும் சந்தையின் பெயரையும் சொன்னால் விலை சொல்லும். அதற்காகக் குரல் கொடுத்தவர்கள் விவசாயிகள். ஊர்ப்பெயரும் காய்கறிப் பெயரும் எத்தனை விதமாகச் சொல்லப்படுகின்றன என்பதுதான் அவர்கள் முன் நின்ற பெரிய வேலை.

அண்மைக் காலத்தில் குரல் சேகரிப்பின் அளவு பெரிதாகிவிட்டது. மத்திய அரசின் பாஷினி என்ற இந்திய மொழித் தொழில்நுட்பத் திட்டம் 2022இல் வந்தது. சென்னை ஐஐடியில் இயங்கும் ஏஐ4பாரத் குழு ‘இண்டிக்வாய்சஸ்’ என்ற குரல் தொகுப்பை 2024இல் வெளியிட்டது. 22 மொழிகள், 145 மாவட்டங்கள், 16,237 பேர், 7,348 மணி நேரம். அதில் பெரும்பங்கு, தாளைப் பார்த்துப் படித்ததல்ல, மனிதர்கள் தாமாகப் பேசியது. என்னைக் கேட்டால், இந்திய மொழித் தொழில்நுட்பத்தில் இந்தத் தலைமுறை செய்த மிகச் சிறந்த காரியங்களில் அது ஒன்று. ஆனால் வெளியிட்டபோது அதில் ஆள் வைத்துக் கேட்டு எழுத்தாக்கி முடித்திருந்தது 1,639 மணி நேரம்தான். பேசவைப்பதைவிட எழுதுவது மெதுவான வேலை. அமெரிக்காவின் ஓப்பன்ஏஐ 2022இல் வெளியிட்ட ‘விஸ்பர்’ மென்பொருளை இதனோடு வைத்துப் பாருங்கள். அது 6,80,000 மணி நேரப் பேச்சில் பயின்றது. ஆங்கிலம் தவிர்த்த மற்ற 96 மொழிகளின் பேச்சை அந்தந்த மொழியிலேயே எழுத்தாக்கப் பயின்றது, எல்லாம் சேர்த்து 1,17,000 மணி நேரம். அதற்குள்ளேதான் தமிழும் தன் பங்கைத் தேட வேண்டும். அந்தப் பங்கும் இணையத்தில் கிடைத்த தமிழ். இணையத்தில் யார் பேசுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

நம் விவசாயிகள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் இடம் ஒன்று உண்டு, கிசான் கால் சென்டர். 2004 ஜனவரி 21இல் தொடங்கியது. 1800-180-1551 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் அழைக்கலாம், காலை 6 முதல் இரவு 10 வரை, தமிழில் பதில் கிடைக்கும். எடுப்பவர் வேளாண்மை படித்தவர். நல்ல சேவை, பயன்படுத்துங்கள். அந்த அழைப்புகளின் விவரத்தை அரசின் திறந்த தரவுத் தளத்தில் மாவட்டவாரியாகப் பார்க்கலாம். பார்த்தால் மனசு கொஞ்சம் கனக்கும். விவசாயி என்ன கேட்டார் என்ற இடத்தில், பெரும்பாலும் ஒற்றை வரி, அதுவும் ஆங்கிலத்தில் இருக்கும். தென்னையில் காண்டாமிருக வண்டு பற்றிக் கேட்டார் என்ற அளவில் முடிந்துவிடும். அவர் அந்த வண்டின் சேதத்தை எப்படி விவரித்தார், குருத்து எப்படி வெட்டுப்பட்டு விரிகிறது என்று தன் வாயால் என்ன சொன்னார், ஓலையின் நிறத்துக்கு எந்தச் சொல்லைப் பயன்படுத்தினார் என்பதெல்லாம் போய்விட்டது. அந்த ஏஜென்ட்டைக் குறைசொல்ல முடியாது. அடுத்த அழைப்பு காத்திருக்கிறது, அவர் எவ்வளவுதான் தட்டுவார்?

பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் உண்மையிலேயே உட்கார வேண்டிய நாற்காலி இதுதான். அங்கே அது ஏஜென்ட்டுக்கு மதிப்பெண் போட வேண்டியதில்லை. விவசாயி சொன்னதை அவர் சொன்னபடியே தமிழில் எழுதி வைத்தால் போதும். ஒரு மாவட்டத்தில் எந்தப் பூச்சி எந்த வாரத்தில் எந்த ஒன்றியத்தில் கிளம்பியது என்பது தானே தெரிந்துவிடும். வேளாண்மைத் துறைக்கு இதைவிடச் சீக்கிரம் செய்தி சொல்லும் ஏற்பாடு வேறு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வங்கிகளுக்குச் சொந்தக் காசு இருந்தது, அவர்களுக்கு இந்த வசதி முதலில் வந்தது. விவசாயியின் அழைப்புக்குப் பொதுப்பணம் செலவாக வேண்டும். கேட்டால் வரும் என்று நம்புகிறேன். கேட்கத்தான் ஆள் வேண்டும்.

குரலைக் கொடுப்பதில் எச்சரிக்கையும் வேண்டும். ‘இந்த அழைப்பு பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படலாம்’ என்று போனில் ஒரு குரல் சொல்லுமே, எந்தப் பயிற்சி என்று யாரும் கேட்பதில்லை. முன்னால் அது ஏஜென்ட்டுக்கான பயிற்சி. இன்றைக்கு இயந்திரத்துக்கும் இருக்கலாம். 2023இல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் எதிலும் படித்துக்கொள்ளும் வாய்ப்பைத் தரவேண்டும் என்கிறது. தமிழும் அதில் ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அதை வாயால் சொல்லி, வாயால் ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது என் கருத்து. குரலை வைத்தே ஆளை அடையாளம் காண்கிற காலம் இது. பாட்டியின் குரல் அவருடைய கைநாட்டுக்குச் சமம். அது யாரிடம் போகிறது, எதற்குப் பயன்படும், வேண்டாம் என்றால் அழிப்பார்களா என்ற மூன்று கேள்விக்கும் பதில் சொல்லாதவர்களிடம் குரல் கொடுக்காதீர்கள்.

மாணவர்களுக்குச் சில வார்த்தை சொல்லி முடிக்கிறேன். பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் கூகுளோடு சேர்ந்து நடத்தும் ‘வாணி’ திட்டம் நாட்டின் 773 மாவட்டங்களிலும் குரல் சேகரிப்பதை இலக்காக வைத்திருக்கிறது. வெளியிலிருந்து வருகிறவர்கள் மாவட்டத் தலைநகரில் சிலரைப் பதிவு செய்துவிட்டுப் போவார்கள், அதற்கு மேல் அவர்களால் முடியாது. ஆத்தூர், நத்தம், குஜிலியம்பாறை என்று உள்ளே போகக்கூடியவர்கள் நீங்கள்தான். காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. கிராமத்துக்குள் போய் வேலை செய்வதில் அங்கிருப்பவர்களுக்கு இருக்கும் பழக்கம் வேறு எவருக்கும் கிடையாது. முதலில் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்குப் போங்கள், பிறகு நிலக்கோட்டைப் பூ மார்க்கெட், சின்னாளபட்டித் தறி, வேடசந்தூர் மில் கேட். ஆண்களே பேச முன்வருவார்கள். பெண்களைத் தேடிப்போய் அவர்கள் வேலை முடிகிற நேரத்தில் பதிவு செய்யுங்கள், கொடுத்த நேரத்துக்குக் கூலி கொடுங்கள். தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். ‘போன வருசம் வெங்காயம் என்ன விலைக்குப் போச்சு?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள், பேச்சு தானாக வரும்.

எழுத்தாக்கும்போது காதில் விழுந்தபடியே எழுதுங்கள். ‘வரல’ என்றால் ‘வரல’ என்றே இருக்கட்டும், அதை ‘வரவில்லை’ என்று திருத்தினால் இயந்திரம் கற்பது உங்கள் தமிழை, அவருடையதை அல்ல. ஒரு சொல் புரியவில்லையென்றால் ஊகித்து எழுதாதீர்கள், விட்டுவிட்டும் போகாதீர்கள். மறுபடி போய் அவரையே கேளுங்கள். பக்கத்து ஊர்க்காரர்தானே, பஸ் இருக்கிறது.